பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று தந்த டெப்

எங்கள் வீட்டில் மூத்த மகள் படிப்பதற்கென்று இருந்தது என்னுடைய போன் ஒன்றுதான். அதுவும் என்னோடு லொறியில் ஏறிப் போய்விடும். சம்மாந்துறை ஆலைகளில் அரிசி ஏற்றி, கல்முனைக்குடியில் தொடங்கித் தம்பிலுவில் வரைக்கும் கடை கடையாக இறக்கிக் கொடுப்பது என் தொழில். ஒரு பக்கம் ஆலைக்காரர் கூப்பிடுவார், மறுபக்கம் கடைக்காரர் கூப்பிடுவார். போன் இல்லாமல் லொறியை எடுத்து வேலையில்லை. மகளுடைய கணித வகுப்போ பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இணையத்தில் நடக்கும். அந்த நேரத்தில் நான் எங்காவது ஒரு கடை வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

பிள்ளைகளே, வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் கதைக்கும்போது நீங்கள் கதவோரம் நின்று கேட்பீர்கள். "வாங்கினால் என்ன, என்னத்துக்கு இவ்வளவு யோசனை" என்று உங்களுக்குத் தோன்றும். அந்த யோசனை ஒருவன் தலைக்குள் எப்படிப் போய் எப்படி வரும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்.

மகள் ஒரு நாளும் போனைவிடப் பெரிதாக இருக்குமே அந்த டெப், அது எனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும், "பாப்பம் மகள்" என்று சொல்லிக் கடத்தியிருப்பேன். அவள் சொன்னது வேறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்புக் குறைவு என்று சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னாள்.

"வாப்பா, நான் கலைப் பிரிவுக்கே போறன். கணக்கு சரிவராது."

"ஏன் மகள்? கணக்கெண்டா ஒங்களுக்கு விருப்பம்தானே?"

"விருப்பம்தான். ஆனா வகுப்புல என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது. நீங்க வந்தாத்தான் போன் வருது. போன் வந்தா வகுப்பு முடிஞ்சி போகுது. மத்தப் புள்ளையள்ற கொப்பியப் பாத்து எழுதுறன். விடை கிடக்கு, அது எப்பிடி வந்ததெண்டு கிடக்கல்ல."

பிடிக்காமல் ஒன்றை விட்டால் அது வேறு கதை. இவள் பிடித்த ஒன்றைத்தான் விடப் பார்த்தாள்.

அடுத்த முறை லொறிக்கு ஓய்வு கிடைத்த நாளில் கல்முனை பஸாரில் எனக்குப் பழக்கமான போன் கடைக்குப் போனேன். முதலாளி கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு டெப்பை எடுத்தார். பளபளவென்று இருந்தது. விலையைக் கேட்டேன். கேட்டவுடனேயே அதைப் பத்திரமாக அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டு குனிந்து அடித் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பிளாஸ்டிக் முதுகு, கறுப்பு ஓரம், பார்வைக்குச் சாதாரணம். விலை என் கைக்கு எட்டியது.

"மொதலாளி, இது நல்லதா?"

"டைவர், நான் விக்கிறவன். நான் நல்லதெண்டுதான் சொல்லுவன். ஆனா ஒங்களுக்கு ஒண்டு சொல்றன் கேளுங்க. இது ஓடுற குதிரை இல்ல, நடக்கிற மாடு. நடந்தாப் போதுமெண்டா எடுங்க."

"எங்க போறதுக்கு நடக்கோணும் எண்டு எனக்கே தெரியாதே."

"படிப்புக்கெண்டா போதும். சிம்மும் இதுலயே போடலாம். விளையாட்டுக்கெண்டா என்னயே ஏசுவீங்க."

அரிசி வாங்குகிறவர்கள் மூட்டையின் வாயில் இருக்கும் அரிசியைப் பார்த்து விலை பேசமாட்டார்கள். மேலே நல்லதைப் போட்டிருக்கலாம் அல்லவா? ஒரு குழாயைச் சாக்கின் வயிற்றில் குத்தி, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்ப்பார்கள். குறுணல் எவ்வளவு, கல் கிடக்கிறதா, பல்லில் வைத்தால் கடிபடுகிறதா என்று பார்ப்பார்கள். கடையில் வைத்து டெப்பைப் பார்ப்பதும் மூட்டையின் வாயைப் பார்ப்பது மாதிரித்தான் என்று எனக்குப் பட்டது. அதன் நடு எங்கள் வீட்டில், வகுப்பு நடக்கும் நேரத்தில் அல்லவா தெரியும்? அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன்.

அவர் டெப்பை அதன் பெட்டிக்குள் வைத்து என் பக்கம் தள்ளினார். "சரி, கொண்டு போங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முதல் சொல்லுங்க. வொரண்டி அட்டையில கடை முத்திரை அடிச்சாத்தான் வித்த கணக்கு, அது இப்ப அடிக்கல்ல. ஒத்துவராட்டி திருப்பி எடுக்கிறன். ஒரு கீறல் விழப்படாது. ஒங்களுக்கெண்டபடியாத்தான்."

எல்லாருக்கும் அவர் அப்படித்தான் சொல்லுவார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்த நேரம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண் பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். அதனால் ஒரு வீட்டில் என் மனைவியும் நானும், மற்ற வீட்டில் அவளுடைய தங்கையும் தங்கையின் கணவரும். அந்தச் சகலன் அரசாங்கக் கந்தோரில் மேசை வேலை செய்கிறார், நாலு விஷயம் தெரிந்தவர், என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். டெப் வந்த செய்தி வேலிக்கு மேலால் போய், அவரும் வந்துவிட்டார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு படத்தைத் திறந்து பார்த்தார். அது திறக்கும்வரை காத்திருந்தார், காத்திருப்பதை எங்களுக்குக் காட்டுவதற்காகக் கையையும் கட்டிக்கொண்டார்.

"காக்கா, இதுக்குப் பதிலா ஒரு சிலேட்டு வாங்கியிருக்கலாம். விலையும் குறைவு, கெதியாவும் வேலை செய்யும்."

என் மனைவி குசினியில் சமைத்தபடியே பதில் சொன்னாள். "சிலேட்டுக்குள்ள டீச்சர் வருவாவா தம்பி? ஒங்கட ரெண்டு புள்ளையும்தான் அதுக்கு முன்னால வந்து இரிக்கப் போகுது. அப்ப பாப்பம்."

அவர் சிரித்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. கேமரா மங்கல். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக நேரம் எடுக்கும். "இத வச்சிருந்தா அடுத்த வருஷம் இன்னொண்டு வாங்கோணும் காக்கா, யோசிச்சிச் செய்யுங்க" என்றார். அது என் மனதில் தைத்தது. இது சரிவராமல் திருப்பிக் கொடுத்தால் இதைவிட நல்லதை வாங்க என்னால் முடியாது. அப்போது மகள் கலைப் பிரிவுக்குத்தான் போவாள். இரண்டும் ஒரே முடிவு என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முதலில் அவள் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்தாள். என் போனில் அதே தாளை அவள் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கினால் படம் வெளியே போய்விடும், படத்தைப் பிடித்தால் கேள்வி போய்விடும். ஒரு விரலால் தள்ளித் தள்ளி, எலியைத் துரத்துகிற பூனை மாதிரி அதன் பின்னால் திரிவாள். இப்போது கேள்வி மேலே, முக்கோணம் கீழே. மூன்று மூலையும் ஒரே நேரத்தில் தெரிந்தன. அவள் விரலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சும்மா இருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் வகுப்பு. மகளும், சகலனின் மூத்த பெண்ணும் ஒரே வகுப்பு. சகலனின் இளையவளும் எங்கள் சின்னவளும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். யார் எங்கே இருப்பது என்று நாலு பேருக்கும் சண்டை. அன்று ஏற்ற அரிசி வராததால் நான் வீட்டில் நின்றேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியது நான்தானே?

எங்கள் ஊரில் கலியாணச் சோறு என்றால் ஒரு பெரிய தட்டில் குவித்துப் பாயின் நடுவில் வைப்பார்கள். சஹன் என்போம். ஐந்தாறு பேர் அதைச் சுற்றி இருந்து, அவரவர் தன் பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

"நடுவுல வைங்க. சுத்தி இருங்க. ஒருத்தருக்கும் குறை வராது" என்றேன்.

பாயை விரித்து டெப்பை நடுவில் படுக்க வைத்து நாலு பேரும் சுற்றி இருந்தார்கள். டீச்சர் வந்தார். மகளுக்கு நேராக வந்தார், எதிரில் இருந்தவளுக்குத் தலைகீழாக வந்தார். அவள், "எனக்கு டீச்சர்ர நாடிதான் தெரியுது" என்று சொல்லி, விளிம்பைக் கொஞ்சம் தன் பக்கம் சரித்தாள். உடனே டீச்சர் அவள் பக்கம் திரும்பிவிட்டார். மகள் "ஏய்!" என்று தன் பக்கம் சரித்தாள். டீச்சர் திரும்பவும் இந்தப் பக்கம். சின்னவளுக்கு விளையாட்டுப் பிடித்துப் போய் அவளும் சரித்தாள். டீச்சர் குறுக்கே படுத்துவிட்டார். பலகையில் எழுதியிருந்த கணக்கு சுற்றுகிறது, பிள்ளைகள் கழுத்தைச் சுற்றுகிறார்கள், வகுப்பு போய்க்கொண்டே இருக்கிறது.

"பெரியாப்பா, இது பழுது!" என்று சகலனின் மூத்தவள் கத்தினாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மலிவான சாமானுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்த கையோடு டெப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸாருக்குப் போனேன்.

முதலாளி அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். நிமிர்த்தினார், சரித்தார். "நல்லாத்தானே இரிக்கு டைவர்?"

"கடையில நல்லாத்தான் இரிக்கும். எங்கட வீட்டுக்கு வந்தாச் சுத்துது."

"எப்பிடி வச்சிப் பாத்தீங்க?"

"பாயில படுக்கவச்சி, நாலு பேரும் சுத்தி இரிந்து."

அவர் டெப்பை மேசையில் வைத்தார். பிறகு கடைக்குள் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி, "டைவர், இதென்ன கந்தூரிச் சோறா? நடுவுல வச்சிச் சுத்தி இரிந்து பிசைஞ்சி திண்டீங்களா?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? தூக்குகிற பக்கத்துக்கு ஏற்றபடி படம் திரும்புவது இந்தச் சாமானின் குணமாம். பெரிய விலைக்கு விற்பதும் அப்படித்தான் திரும்புமாம். திரும்பாமல் பூட்டி வைக்கிற இடத்தையும் காட்டினார்.

"ஆனா ஒண்டு" என்றார். சிரிப்பை விட்டுவிட்டார். "இதுட படம் நேரா இரிந்து பாக்கத்தான். பக்கத்தால பாத்தாக் கொஞ்சம் இருட்டும். விலைக்குத் தக்கது அதுதான். அதுக்குப் பூட்டில்ல."

அதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு டெப்பை நிமிர்த்தி வைக்க என்ன இருக்கிறது என்று தேடினார்கள். சின்னவள் ஓடிப்போய்க் குர்ஆன் ஓதும்போது விரித்து வைக்கிற மரத்தாங்கியைத் தூக்கி வந்தாள். என் மனைவி வாசலிலேயே மறித்தாள். "அது ஓதுறதுக்கு மகள். அது அதுட இடத்துல இரிக்கட்டும். வேற ஒண்டப் பாருங்க." கடைசியில் ஒரு கதிரையை இழுத்து, அதன் முதுகில் டெப்பைச் சாய்த்து, கீழே வழுக்காமல் ஒரு துவாயை மடித்து வைத்தார்கள். நாலு பேரும் பாயில் ஒரே வரிசையாக நெருங்கி இருந்தார்கள். ஓரத்தில் இருப்பவளுக்குக் கொஞ்சம் இருட்டும். அதனால் பெரியவர்கள் இருவரும் நடுவில், வேடிக்கை பார்ப்பவர்கள் இரண்டு ஓரத்திலும் என்று அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். என் தீர்ப்பைவிட அது நல்ல தீர்ப்பு.

அதற்குப் பிறகு வந்த வகுப்புகளை நான் லொறியில் இருந்தபடியால் பார்க்கவில்லை, மனைவி சொல்லித்தான் தெரியும். சத்தம் மெலிவு, மின்விசிறி சுழன்றால் டீச்சரின் குரல் அதற்குள் போய்விடும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க இருந்தார்களாம். திறப்பதற்குச் சுணங்கும். மகள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கப் போகும்போது அதை முடுக்கிவிட்டுப் போவாள், தொழுது முடித்து வர அது ஆயத்தமாக இருக்கும். ஒரு நாள் கரண்ட் போனது. வீட்டில் எல்லாம் அணைந்தும் டெப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்து, பிள்ளைகள் கணக்கைச் செய்து முடித்து, கரண்ட் வரும்வரைக்கும் அது களைக்கவில்லை. "சிலேட்டு எரியுமா எண்டு ஒங்கட சகலன்கிட்டக் கேட்டனான்" என்றாள் மனைவி. அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

எனக்கு இன்னும் மனம் நிற்கவில்லை. எரிகிறது, திறக்கிறது, தெரிகிறது, எல்லாம் சரி. இதனால் மகளுக்குக் கணக்கு வருகிறதா? அதைக் காட்டுகிற குழாய் என்னிடம் இல்லை.

வியாழக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். வகுப்பு தொடங்கியிருந்தது. உள்ளே போனால் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்று வெளியே நின்று லொறியின் கண்ணாடியைத் துடைத்தேன். யன்னல் திறந்திருந்தது. சகலனும் கந்தோர் விட்டு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரே மரத்துக்கு வெகுநேரமாக ஊற்றினார்.

டீச்சர் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். வட்டத்துக்குள் ஒரு முக்கோணம். மேலே இருக்கிற கோணம் எத்தனை பாகை என்று கேட்கிறார். எல்லாப் பிள்ளைகளும் தொண்ணூறு, தொண்ணூறு என்கிறார்கள். டெப்புக்குள் தொண்ணூறு மழை பெய்கிறது. அதற்குள் என் மகளுடைய குரல் கேட்டது.

"தொண்ணூறெண்டு சொல்லேலாது டீச்சர்."

"யாரு அது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

மகள் எழுந்து கதிரைக்குக் கிட்டப் போய்விட்டாள் போல. குரல் பெரிதாகியது. "கீழ இரிக்கிற கோடு விட்டமா இரிந்தாத்தான் தொண்ணூறு. அது விட்டமில்ல. மையத்தத் தொடல்ல டீச்சர், கொஞ்சம் பக்கத்தால போகுது."

என் கையில் துணி நின்றது. டீச்சர் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"அதப் பாக்கிறாங்களா எண்டுதான் அப்பிடி வரைஞ்சனான். ஒங்கட குரல நான் இந்த வகுப்புல கேட்டதே இல்லையே மகள்? இவ்வளவு நாளும் எங்க இரிந்தீங்க?"

மகள் சொன்ன பதில் என் காதுக்கு எட்டவில்லை. கதிரையை விட்டுப் பாய்க்கு வந்துவிட்டாள் போல.

விட்டம் என்றால் என்ன, அது மையத்தைத் தொட்டால் ஏன் தொண்ணூறு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கோடு ஒரு புள்ளியைத் தொடாமல் மயிரிழை விலகிப் போவதை என் போனின் சின்னக் கண்ணாடியில் அவள் கண்டிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். சகலன் வாளியைக் கீழே வைத்தார். "காக்கா, இதத் திருப்பிக் குடுத்திடாதீங்க" என்றார். "அடுத்த வருஷக் கதைய அடுத்த வருஷம் பாப்பம்."

பிள்ளைகளே, இப்போது யாராவது என்னிடம் இந்த மாதிரி மலிவு டெப் வாங்கலாமா என்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்லுவேன். விளையாட, படம் பிடிக்க, நாலு பேருக்கு முன்னால் தூக்கிக் காட்ட என்றால் வேண்டாம், மனம் சலித்துப் போகும். ஒரு தாளை முழுதாகப் பார்த்துப் படிக்க, ஒரு வகுப்பில் இருந்து கேட்க என்றால் தயங்காமல் வாங்குங்கள். அது வேகமாக இல்லை, அழகாகவும் இல்லை. ஆனால் கேட்ட வேலையை ஒரு நாளும் மறுக்கவில்லை. நான் அதை மெச்சுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, ஜும்ஆவுக்கு முன் கடைக்குப் போக வெளியே வந்தால், மேசைமேல் டெப்பின் பெட்டி இருந்தது. மூடி ஒழுங்காக மூடியிருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள்.

"எல்லாம் வச்சிட்டன் வாப்பா. வயரும் சுத்தி வச்சிட்டன். துடைச்சிட்டன், ஒரு கீறலும் இல்ல. திருப்பிக் குடுக்கிறதெண்டா முதலாளி ஒண்டும் சொல்லமாட்டார்."

அவள் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். நேற்று அத்தனை பேருக்குள் எழுந்து நின்று சொன்ன பிள்ளை இதை என்னிடம் கேட்கப் பயந்து நிற்கிறது. நான் பெட்டியைத் திறந்து, டெப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வயரையும் எடுத்துக் கொடுத்தேன். வெறும் பெட்டியை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸாருக்கு நடந்தேன்.

முதலாளி பெட்டியைக் கண்டதும் முகம் கொஞ்சம் வாடியது. "என்ன டைவர், ஒத்துவரல்லயா?" என்று கேட்டபடி கையில் வாங்கினார். தூக்கிப் பார்த்தார். பிறகு காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள காத்தா கொண்டு வந்தீங்க?"

"சாமான் வீட்ட இரிக்கு மொதலாளி. அதுக்கு வேலை கிடக்கு."

அவர் மேசை லாச்சியை இழுத்துக் கடை முத்திரையை எடுத்தார். நான் பெட்டியின் அடியில் இருந்த வொரண்டி அட்டையை எடுத்து அவர் முன்னால் நேராக வைத்தேன்.

"அப்ப அடிக்கவா?"

"அடிங்க" என்றேன்.